ஊஞ்சலா, ட்ராம்போலினா, தண்ணீர் பாட்டிலா: நிலைகொள்ளாத இரண்டு வயதுக் குழந்தைக்கு வீட்டில் எதை முதலில் அமைப்பது?

சோபா கைப்பிடியில் ஏறிக் குதிக்கும். சுவரில் போய் முட்டும். தரையில் உருளும். யாரைக் கண்டாலும் ஓடிவந்து இறுக்கிக் கட்டிக்கொள்ளும். மிக்ஸி போட்டால் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு அலறும். படுக்கவைத்த பிறகும் ஒரு மணி நேரம் புரளும். இப்படி ஒரு குழந்தை இருக்கும் வீட்டில் 'சென்சரி இஷ்யூ' (புலன் உணர்வுச் சிக்கல்) என்ற சொல் சீக்கிரமே வந்து சேர்ந்துவிடும். கைப்பேசியில் ஒருமுறை தேடிப் பார்த்தால் போதும், துணி ஊஞ்சல், சின்ன ட்ராம்போலின், எடைப் போர்வை, தோலைத் தேய்க்கும் பிரஷ், கடிக்கும் மாலை என்று விளம்பரங்கள் வரிசைகட்டும். எல்லாமே குழந்தையை அமைதிப்படுத்தும் என்றுதான் எழுதியிருக்கும்.

ஒன்றரை வயது முதல் மூன்று வயதுவரை உள்ள குழந்தைக்கு இவற்றில் எது முதலில், எது பிறகு, எது வேண்டவே வேண்டாம் என்பதுதான் இந்தக் கட்டுரை. முடிவை முன்கூட்டியே சொல்லிவிடலாம். முதலில், வீட்டில் இருக்கும் பொருட்களை வைத்தே செய்யும் தள்ளுதல், இழுத்தல், சுமத்தல். அடுத்து, கூரையும் இடமும் அனுமதித்தால் ஊஞ்சல். ட்ராம்போலின் இந்த வயதுக்கு வேண்டாம். எடைப் போர்வையும் பிரஷும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்பாடுகளுக்குப் பயிற்சி தரும் நிபுணர்) சொல்லாமல் வீட்டுக்குள் வரவே கூடாது. இந்த வரிசை ஏன் என்பதற்குத்தான் மீதிப் பக்கங்கள்.

எந்த வகைக் குழந்தை?

புலன் உணர்வுகளை மூளை எப்படிச் சேர்த்துக் கையாள்கிறது என்ற சிந்தனையை முன்வைத்தவர் அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஜீன் ஏயர்ஸ். அவருக்குப் பின் வந்த வின்னி டன் 1997இல் குழந்தைகளின் நடத்தையை நான்கு விதமாகப் பிரித்துக் காட்டினார். உணர்வைத் தேடிப் போகும் குழந்தை, உணர்வு வந்தும் கவனிக்காத குழந்தை, சிறிய உணர்வுக்கும் தவிக்கும் குழந்தை, அதைத் தவிர்க்க ஓடும் குழந்தை. ஒரே குழந்தை அசைவைத் தேடி ஓடவும், ஓசையைக் கண்டு ஒளியவும் செய்யலாம். அதனால் 'என் பிள்ளை எந்த வகை' என்று கேட்பதைவிட 'எந்தப் புலனில் எந்த வகை' என்று கேட்பதே சரி.

இதைத் தெரிந்துகொள்ள ஒரு வாரம் எழுதி வையுங்கள். ஒவ்வொரு முறையும் நான்கு விவரம் போதும்: நேரம், அதற்கு முன் நடந்தது, குழந்தை செய்தது, எது செய்தபின் அடங்கியது. வாரக் கடைசியில் படித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு வடிவம் தெரியும். மாலை ஐந்து மணிக்குமேல் மட்டும் மோதல் அதிகமாகிறதா? வெளியே போய்வந்த நாளில் தூக்கம் எளிதாக வருகிறதா? குளியலுக்கு முன்னாலா, தலையில் தண்ணீர் விழும்போதா அழுகை தொடங்குகிறது? இந்தக் குறிப்பு இல்லாமல் எதை வாங்கினாலும் குருட்டாம்போக்கில் வாங்கியதாகத்தான் இருக்கும்.

அதே வாரத்தில் குழந்தை மருத்துவரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள். புலன் வேறுபாடு போலவே தோன்றும் உடல் தொல்லைகள் பல. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்குக் கேட்கும் திறன் பரிசோதனை முதலில். காதில் சீழோ நீரோ கட்டியிருந்தால் ஓசையும் தொல்லை தரும், சமநிலையும் தடுமாறும். மண், சுவர்ச் சுண்ணாம்பு, சாக்பீஸ் தின்னும் குழந்தைக்கு இரும்புச்சத்து பார்க்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவு தூக்கத்தையும் கெடுக்கும். இரண்டாம் வயதில் முளைக்கும் கடைவாய்ப் பற்கள் எதையும் கடிக்கச் சொல்லும். மலச்சிக்கல் இருந்தால் வயிற்றை அழுத்திப் படுப்பதும் உடலை முறுக்குவதும் நடக்கும். இவற்றை விட்டுவிட்டு ஊஞ்சல் கட்டினால் பயனில்லை.

பெயர் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். புலன் செயலாக்கக் கோளாறு என்று தனியாக ஒரு நோய்க்கணிப்பு 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநல நோய்க்கணிப்பு நூலில் கிடையாது. புலன் உணர்வுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவது அங்கே ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக இடம்பெற்றிருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012இலேயே, இதைத் தனி நோயாகக் குறிக்க வேண்டாம், பின்னால் வேறு வளர்ச்சி வேறுபாடு இருக்கிறதா என்று பாருங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னது. புலன் சார்ந்த தெரபியை மொத்தத் திட்டத்தின் ஒரு பகுதியாகச் செய்து பார்க்கலாம், ஆனால் சான்றுகள் குறைவு என்பதைப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆகவே கீழே சொல்லும் எதுவும் குழந்தையைக் 'குணப்படுத்தும்' முறை இல்லை. அன்றைய நாளைக் குழந்தைக்கும் வீட்டாருக்கும் தாங்கக்கூடியதாக ஆக்கும் வழிகள். அதற்கே பெரிய மதிப்பு உண்டு.

தள்ளு, இழு, சும

தசையும் மூட்டும் அழுத்தம் பெறும்போது உடல் எங்கே இருக்கிறது, எவ்வளவு விசை போடுகிறது என்ற செய்தி மூளைக்குப் போகிறது. சுவரில் மோதும் குழந்தை தேடுவது பெரும்பாலும் இந்தச் செய்தியைத்தான். மோதாமலே அது கிடைக்க ஒரு வழி செய்தால் மோதல் குறையும். தெரபிஸ்ட்கள் இதை 'ஹெவி வொர்க்' என்பார்கள். இதை முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம், செலவில்லை என்பது மட்டும் இல்லை. துவண்டு கிடக்கும் குழந்தையையும் எழுப்பும், துள்ளும் குழந்தையையும் அடக்கும். ஊஞ்சலில் வருவதுபோலத் தலைசுற்றலோ உணர்வு மிகைத்துப்போவதோ அநேகமாக வராது. வீட்டில் சோதித்துப் பார்க்க இதைவிடப் பாதுகாப்பானது இல்லை.

அளவு முக்கியம். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் சுமக்கத் தொடங்கச் சரியான எடை. பழகியபின் ஒரு லிட்டர். இரு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்க வேண்டும். ஒற்றைக் கையில் தொங்கவிட்டால் உடல் ஒருபக்கம் சாயும். முதுகு பின்னால் வளைந்தாலோ, மூச்சைப் பிடித்துக்கொண்டாலோ எடை அதிகம். ஓடிக்கொண்டே தூக்கிச் சென்றால் எடை போதவில்லை.

தள்ளுவதற்குப் பிளாஸ்டிக் துணிக்கூடை போதும். உள்ளே மூன்று நான்கு கிலோ அளவுக்குத் துவைத்த துணியோ பழைய புத்தகமோ வையுங்கள். டைல்ஸ் தரையில் கூடை வழுக்கிக்கொண்டு ஓடும், குழந்தை முகங்குப்புற விழும். கூடைக்கு அடியில் ஒரு சணல் சாக்கைக் கட்டிவிட்டால் இழுவை கிடைக்கும். குழந்தை வெறுங்காலோடு இருக்க வேண்டும். சாக்ஸ் போட்டால் வழுக்கும்.

சமையலறையில் வேலை நிறைய இருக்கிறது. கடையிலிருந்து வந்த பையிலிருந்து உருளைக்கிழங்கை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போடுவது, எலுமிச்சை அளவு இல்லாமல் ஆரஞ்சு அளவுக்குச் சப்பாத்தி மாவை உருட்டிக் கொடுத்துப் பிசையவிடுவது, நனைத்த துணியை இரு கைகளாலும் பிழிந்து கொடியருகே கொண்டுவந்து கொடுப்பது, சின்னக் குவளையில் துளசிச் செடிக்குத் தண்ணீர் கொண்டுபோவது. கூடத்தில் என்றால் மடித்த மெத்தைமேல் ஏறி இறங்குவது, பெரியவர் கால்களுக்கடியில் தவழ்ந்து போவது, போர்வையின் ஒரு முனையை அண்ணனோ அக்காவோ பிடிக்க மறுமுனையை இழுப்பது. மாடிப்படி இருந்தால் கைபிடித்து ஏறுவதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை.

எப்போது செய்வது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். அழுகை உச்சத்துக்குப் போனபின் கூடையைக் காட்டினால் கூடை பறக்கும். குளியல், சாப்பாடு, வெளியே கிளம்புவது, படுக்கை என எது சிக்கலோ அதற்குப் பத்து நிமிடம் முன்னால் செய்ய வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மூன்று முதல் ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வேலைக்கும் தொடக்கமும் முடிவும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். 'கூடையைத் தள்ளு' என்பதைவிட 'இந்தக் கூடையைப் பாட்டி கிட்ட கொண்டுபோய்க் குடு' என்பதில் வேலை உண்டு, போக வேண்டிய இடமும் உண்டு, போனால் பாட்டியின் சிரிப்பும் உண்டு. அதட்டி வாங்கும் வேலை தண்டனையாகிவிடும்; மறுநாள் குழந்தை கூடையைக் கண்டாலே ஓடும்.

அணைப்பும் இதே குடும்பம்தான். பின்னாலிருந்து தோளையும் கைகளையும் சேர்த்து, ஐந்து எண்ணும்வரை சீராக இறுக்கி, விட வேண்டும். இரண்டு தலையணைகளுக்கு நடுவே படுக்கவைத்து மேல் தலையணையைக் கைகளால் அமுக்கும் விளையாட்டும் பல குழந்தைகளுக்குப் பிடிக்கும். தலையும் கழுத்தும் முழுக்க வெளியே இருக்க வேண்டும், உங்கள் உடல் எடையைப் போடக்கூடாது, குழந்தை கையை உதறினாலே எடுத்துவிட வேண்டும். மெல்ல வருடுவதைவிட உறுதியான தொடுதல்தான் இந்தக் குழந்தைகளுக்கு இதம். எண்ணெய்க் குளியலில் இதைப் பார்க்கலாம்: விரல் நுனியால் தடவினால் கூச்சம் வந்து நெளியும் குழந்தை, உள்ளங்கை முழுவதும் பதிய மேலிருந்து கீழாக நீவிவிட்டால் அடங்கும்.

தூளி, பலகை ஊஞ்சல், துணி ஊஞ்சல்

உள்காதில் இருக்கும் சமநிலைப் புலனுக்கு அசைவுதான் உணவு. ஓயாமல் சுற்றும், தலைகீழாகத் தொங்கும் குழந்தைக்கு ஊஞ்சல் உண்மையிலேயே உதவும். தள்ளிச் சுமக்கும் வேலைக்கு அடுத்த இடத்தில் இதை வைப்பதற்குக் காரணம், தவறாகச் செய்தால் விளைவு பெரிது என்பதுதான். கூரையும் பிடிக்க வேண்டும், அசைவின் அளவும் தெரிய வேண்டும்.

நம் வீடுகளில் ஏற்கெனவே இருப்பது தூளி. நேர்கோட்டு அசைவும் துணியின் அணைப்பும் ஒருங்கே கிடைப்பதால் பல குழந்தைகள் இரண்டு வயதிலும் தூளியில்தான் தூங்கும். ஆனால் எழுந்து உட்காரவும் ஏறவும் தெரிந்த குழந்தைக்குத் தூளியை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். சேலை முறுக்கிக் கழுத்து இறுகிக் குழந்தைகள் இறந்த செய்திகள் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வருகின்றன. சுற்றி விளையாடியபோது நேர்ந்தவை அவற்றில் பல. அசைவைத் தேடும் குழந்தை தூளியைக் கண்டால் முதலில் செய்வது சுற்றுவதுதான். தூங்கவைக்கத் தூளி இல்லாமல் முடியாது என்றால், பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். தூங்கியதும் இறக்கிப் படுக்கையில் போட வேண்டும். பிறகு சேலையை அவிழ்த்துவிட வேண்டும். கைக்கெட்டாத உயரத்தில் முடிந்து வைத்தாலும் ஸ்டூல் போட்டு ஏறும் பிள்ளைகள் உண்டு.

பலகை ஊஞ்சல் உள்ள வீடு கொடுத்துவைத்த வீடு. பெரியவர் மடியில் உட்காரவைத்து மெல்ல ஆடினால் அசைவும் அணைப்பும் சேர்ந்தே கிடைக்கும். ஆபத்து ஆடுபவருக்கு இல்லை, முன்னால் நடந்து வரும் குழந்தைக்கு. பலகையின் விளிம்பு சரியாக நெற்றி உயரத்தில் இருக்கும். ஆடாத நேரத்தில் பலகையைச் சங்கிலியோடு மேலே தூக்கி மாட்டுங்கள், அல்லது கழற்றிவிடுங்கள். சங்கிலிக் கண்ணியில் விரல் நசுங்காதிருக்கப் பிடிக்கும் இடம்வரை துணியைச் சுற்றித் தையுங்கள்.

துணி ஊஞ்சல் என்று விற்பது இழுபடும் லைக்ரா துணியால் ஆன பை. உடல் முழுவதையும் அது அணைப்பதால் அமைதிக்கு மூன்றிலும் இதுவே சிறந்தது. ஒற்றைக் கொக்கியில் தொங்குவதால் எளிதில் சுழலும் என்பது குறை. வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை: துணி இரட்டை மடிப்பா, தையல் ஓரத்தில் பிரிகிறதா, கூட வரும் கொக்கி திருகிப் பூட்டும் காரபைனர் வளையமா. எஸ் வடிவக் கொக்கி என்றால் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஆட்டத்தில் அது வாய் திறக்கும்.

கூரைக்கு வருவோம். ஆடும்போது கொக்கியில் விழும் பாரம் உட்கார்ந்திருப்பவரின் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்காகும். பெரியவரும் சேர்ந்து ஆடினால் 80 கிலோ 200 கிலோவைத் தாண்டும். எனவே 300 கிலோவுக்குக் குறையாமல் தாங்கும் என்று குறிப்பிட்ட பொருத்து பாகங்கள் வேண்டும். மின்விசிறிக் கொக்கியில் ஊஞ்சல் மாட்டுவது கூடவே கூடாது. பால்ஸ் சீலிங்கில் எதுவும் தொங்கவிடக்கூடாது. அதற்கு மேலுள்ள கான்கிரீட்டில்தான் போல்ட் இறங்க வேண்டும். மெட்ராஸ் டெரஸ், நாட்டு ஓடு உள்ள பழைய வீடுகளில் மர உத்தரத்தின் நிலையைத் தச்சர் ஒருவர் தட்டிப் பார்த்துச் சொல்லாமல் தொடாதீர்கள். துளையிடும்போது பூச்சின் கனத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று மேஸ்திரியிடம் சொல்லுங்கள். பூச்சு எதையும் தாங்காது. மாட்டியதும் பெரியவர் ஒருவர் தன் முழு எடையையும் போட்டு இரண்டு நிமிடம் ஆடிப் பார்க்க வேண்டும். அதன்பின் மாதம் ஒருமுறை விரிசல், உதிரும் தூள், தேயும் கயிறு ஆகியவற்றைப் பாருங்கள்.

உயரம், தரையிலிருந்து 30 செ.மீ.க்குள். ஆடும் திசையில் இருபுறமும் ஒன்றரை மீட்டர், பக்கவாட்டில் ஒரு மீட்டர் காலியிடம். கீழே பழைய பஞ்சு மெத்தை. கதவு நிலையில் இறுக்கி மாட்டும் கம்பி ஊஞ்சல் வாடகை வீட்டுக்கு வசதிதான். ஆனால் கம்பி முனைகளைத் தாங்கும் கோப்பைகளை நிலையில் திருகு போட்டுப் பொருத்தாவிட்டால் கம்பி வழுக்கி இறங்கிவிடும்.

ஆட்டும் முறையில் ஒரே விதி: மெதுவாக, நேராக, ஒரே தாளத்தில் ஆடினால் அமைதி, வேகமாக, சுழன்று, திடீரென நின்று ஆடினால் எழுச்சி. படுக்கைக்கு முன் சுழற்றிவிட்டுப் 'ஊஞ்சல் ஆடியும் தூங்கவில்லை' என்று வருந்துவது அதனால்தான். ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் போதும், சாப்பிட்டு அரை மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். முகம் வெளுப்பது, வியர்ப்பது, கொட்டாவி அடுக்கடுக்காக வருவது, விக்கல், திடீரென வாயடைத்துப் போவது, அடக்க முடியாத சிரிப்பு, இவற்றில் எது வந்தாலும் நிறுத்துங்கள். சுழற்சியின் விளைவு சில சமயம் தாமதித்தும் தெரியும். ஆடும்போது சிரித்த குழந்தை அரை மணி கழித்து வாந்தி எடுக்கலாம், காரணமில்லாமல் அழலாம். வலிப்பு உள்ள குழந்தைக்கும், கழுத்து எலும்பு இணைப்பு தளர்வாக இருக்கக்கூடிய டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்கும் மருத்துவர் அனுமதி இல்லாமல் ஊஞ்சல் வேண்டாம்.

வீட்டுக்காரர் துளையிட விடவில்லையா? கெட்டியான பருத்திப் போர்வையில் குழந்தையைப் படுக்கவைத்து, இரண்டு பெரியவர்கள் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, மெத்தைக்கு மேல் 20 செ.மீ. உயரத்தில் மெல்ல ஆட்டுங்கள். கை வலிக்கும், ஆனால் ஊஞ்சல் தருவதில் பெரும்பகுதியை இது தந்துவிடும். பூங்கா ஊஞ்சலும் இருக்கவே இருக்கிறது. கூட்டம் சேராத காலை நேரம் நல்லது.

வேண்டாதவை

ட்ராம்போலின் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை அதில் ஏற்ற வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் நிலைப்பாடு. வீட்டில் அதை வைப்பதையே அது ஊக்குவிப்பதில்லை. இரண்டு வயதில் எலும்பு இன்னும் கெட்டிப்படவில்லை. கூடவே அண்ணன் ஏறிக் குதித்தால் அவன் எழுப்பும் விசை சின்னதன் முழங்காலுக்குக் கீழ் எலும்பில் இறங்கி முறிக்கலாம். தரையில் போட்ட மெத்தையில் உங்கள் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு பதினைந்து இருபது குதி, அதன்பின் ஓர் இறுக்கமான அணைப்பு என்று முடித்துவிடலாம். அணைப்பில் முடியாத குதி பெரும்பாலும் இன்னும் கூடுதல் ஓட்டத்தில்தான் போய் நிற்கும்.

எடைப் போர்வை விலையும் அதிகம், ஆபத்தும் அதிகம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையால் அதைத் தானே தள்ளிவிட முடியாமல் போகலாம். கனடாவின் கியூபெக்கில் 2008இல் ஆட்டிசம் உள்ள ஒன்பது வயதுச் சிறுவனே பள்ளியில் அத்தகைய போர்வைக்குள் சுற்றப்பட்டு மூச்சடைத்து இறந்திருக்கிறான். பயன் என்று பார்த்தாலும், 5 முதல் 16 வயதுவரை உள்ள ஆட்டிசக் குழந்தைகளிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில் சாதாரணப் போர்வையைவிட அது தூக்கத்தைக் கூட்டவில்லை. குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் அது பிடித்திருந்தது, அவ்வளவே. தூங்கும் குழந்தையின் மேல் பருப்பு மூட்டை, மணல் பை என்று வீட்டில் தைத்துப் போடுவதும் இதே ஆபத்துதான்.

பிரஷால் கை கால்களைத் தேய்க்கும் முறை பயிற்சி பெற்ற தெரபிஸ்ட் கற்றுத்தந்து, கண்காணித்துச் செய்ய வேண்டியது. வீடியோ பார்த்துச் செய்தால் தொடுதலுக்கே அஞ்சும் குழந்தையாகிவிடலாம். கடிக்கும் குழந்தைக்குச் சிலிகான் கடிபொருள் நல்லதுதான், ஆனால் கழுத்தில் மாலையாக வேண்டாம். சட்டையில் கிளிப் போட்டுச் சிறு நாடாவில் பொருத்துங்கள், பல் பதிந்து கிழியத் தொடங்கினால் எறிந்துவிடுங்கள். சமையலறையில் நீளமாக வெட்டிய சப்பாத்தி, இட்லிக்குப் பதில் கொஞ்சம் கெட்டியான தோசை விளிம்பு என்று மெல்லும் வேலை தரும் உணவும் உதவும்.

கையளைந்து விளையாடத் தட்டில் அரிசியோ கேழ்வரகோ கொட்டிக் கொடுக்கலாம், பெரியவர் அருகில் இருந்தால். கொண்டைக்கடலை, வேர்க்கடலை, புளியங்கொட்டை மூக்கிலும் தொண்டையிலும் போய் அடைக்கும். குன்றிமணி விஷம். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண ஜெல் மணிகளை வீட்டுக்குள்ளேயே கொண்டுவரக்கூடாது. விழுங்கினால் குடலில் பெருத்து அடைக்கும், எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும்.

மிக்ஸியும் குக்கரும்

அசைவைத் தேடும் அதே குழந்தை ஓசைக்குத் தவித்தால் அங்கே தேர்வு வேறு. காதை மூடும் இயர்மப் வாங்குவதா, ஓசையைக் குறைப்பதா, பழக்கப்படுத்துவதா?

வீட்டுக்குள் எப்போதும் ஓசையைக் குறைப்பதுதான் முதல் வழி. மிக்ஸிக்கு அடியில் கனமான ரப்பர் விரிப்போ நான்காக மடித்த துண்டோ வையுங்கள். மேடை அதிர்வது குறைந்தால் ஓசையும் குறையும். காற்றுத்துளையை மட்டும் துணி அடைக்கக்கூடாது. சட்னியைக் குழந்தை எழுவதற்கு முன்போ, தாத்தாவோடு வாசலில் இருக்கும்போதோ அரைத்துவிடுங்கள். எதிர்பாராமல் வரும் ஓசைதான் அதிகம் வலிக்கும். குக்கர் விசில் அப்படிப்பட்டது. ஆவி வரும்போதே 'இப்போ விசில் வரும்' என்று சொல்லிக் காட்டினால் ஓரிரு வாரத்தில் குழந்தையே காதைப் பொத்திக்கொண்டு காத்திருக்கும். அலறலுக்குப் பதில் அது பெரிய முன்னேற்றம்.

பழக்கப்படுத்துவது இரண்டாவது, பொறுமையான வழி. மிக்ஸி ஓசையைக் கைப்பேசியில் பதிந்து, மிகக் குறைந்த ஒலியில், குழந்தை பிடித்த விளையாட்டில் இருக்கும்போது சில வினாடி ஓடவிடுங்கள். தவிப்பு இல்லாத நாட்களில் மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள். பிறகு பெரியவர் இடுப்பில் இருந்தபடி குழந்தையே சுவரிலுள்ள சுவிட்சைப் போட்டு உடனே அணைக்கட்டும். தன் கையில் இருக்கும் ஓசை அவ்வளவு பயமுறுத்தாது. அழும் குழந்தையை மிக்ஸி அருகே பிடித்து நிறுத்திப் 'பழகிடும்' என்பது எதிர்விளைவையே தரும்.

இயர்மப் மூன்றாவது, ஆனால் சில இடங்களில் அதுதான் ஒரே வழி: கல்யாண மண்டபத்தில் தவில் முழங்கும்போது, கோயில் திருவிழா, தீபாவளி இரவு. தலைக்குப் பொருந்தும் குழந்தை அளவு வேண்டும், பெரியவர் அளவு நழுவும். முதல்முறை திருவிழாவில் மாட்டினால் பிய்த்து எறியும். ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் இரண்டிரண்டு நிமிடம் விளையாட்டாக மாட்டிப் பழக்குங்கள். நாள் முழுக்க மாட்டிவைத்தால் சாதாரண ஓசையும் பேரோசையாகத் தோன்றத் தொடங்கும், பேச்சைக் கேட்கும் வாய்ப்பும் போகும். பஞ்சையோ, நுரை அடைப்பானையோ இந்த வயதில் காதுக்குள் வைக்காதீர்கள்.

உங்கள் வீட்டுக்கு எது?

இரண்டு அறை வாடகை வீடு, இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், பகலில் பாட்டி பார்த்துக்கொள்கிறார் என்றால் ஊஞ்சலை மறந்துவிடுங்கள். பாட்டியால் ஊஞ்சலில் இருந்து குதிக்கும் குழந்தையைப் பிடிக்க முடியாது. உருளைக்கிழங்குக் கூடை, துளசித் தண்ணீர், துணி பிழிதல் மூன்றையும் நேரம் குறித்துச் சுவரில் ஒட்டிவிட்டால் அவரால் செய்ய முடியும். மாலையில் பெற்றோர் வந்தபின் போர்வை ஆட்டம். சொந்த வீடு, கான்கிரீட் கூரை, கூடத்தில் மூன்று மீட்டர் நீளத்துக்குக் காலியிடம், ஆள் ஒருவர் எப்போதும் உண்டு என்றால் துணி ஊஞ்சலுக்குச் செலவழிக்கலாம். கைக்குழந்தையும் வீட்டில் இருந்தால், அது தவழும் காலம் முடியும்வரை ஊஞ்சலை ஒத்திப்போடுவது நல்லது.

எதைத் தொடங்கினாலும் ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், இரண்டு வாரம். முன்பு எழுதிய அதே நான்கு விவரத்தைத் தொடர்ந்து எழுதுங்கள். தூங்க எடுத்த நேரம், சுவரில் மோதிய தடவை என்று எண்ணக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு வாரத்தில் எதுவும் மாறவில்லை என்றால் அந்த வேலை இந்தக் குழந்தைக்கானது இல்லை. உங்கள் மேல் தவறில்லை, அடுத்ததுக்குப் போகலாம்.

ஆனால் சில அடையாளங்களுக்கு இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக்கூடாது. பேசிக்கொண்டிருந்த சொற்கள் மறைவது, கண் பார்ப்பதும் விரல் நீட்டிக் காட்டுவதும் இல்லாமை, எடை குறையும் அளவுக்கு உணவைத் தள்ளுவது, தலையைக் காயம்படும்படி மோதுவது. 16 முதல் 30 மாதம்வரை உள்ள குழந்தைக்கு ஆட்டிச வாய்ப்பைப் பார்க்கும் எம்-சாட் என்ற 20 கேள்விப் பட்டியல் இருக்கிறது. அது நோயைக் கணிக்காது, மேற்கொண்டு பார்க்க வேண்டுமா என்று சொல்லும். தமிழ்நாட்டில் அரசுப் பொறுப்பில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் தெரபி இலவசம்; அரசு மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவில் கேட்டால் வழி சொல்வார்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடு உடையோருக்கான நிப்மெட் தேசிய நிறுவனத்திலும் ஆரம்பநிலைப் பயிற்சிப் பிரிவு உண்டு.

போகும்போது ஒரு வாரக் குறிப்பு, கேட்கும் திறன் அறிக்கை, வீட்டில் எடுத்த இரண்டு நிமிட வீடியோக்கள் இரண்டு மூன்று கொண்டுபோங்கள். புது இடத்தில் குழந்தை வீட்டில் செய்வதைச் செய்யாது. தெரபிஸ்டிடம் கேட்க வேண்டியவை: வீட்டில் செய்ய எந்த இரண்டு வேலைகள், எந்த நேரத்தில், எத்தனை நிமிடம், எதைக் கண்டால் நிறுத்த வேண்டும், எத்தனை வாரத்தில் எது மாற வேண்டும்? உங்களை வெளியே உட்காரவைத்து, கதவைச் சாத்தி, வாரத்துக்கு இரண்டு முறை முக்கால் மணி நேரம் மட்டும் பார்த்துவிட்டு, இந்தக் கேள்விகளுக்குப் பதில் தராத இடம் என்றால் வேறு தெரபிஸ்டைத் தேடுங்கள்.